வெட்டிய கரும்பு காத்திருக்குமா?

பொங்கல் வந்துவிட்டால் மயிலை மாட வீதிகளிலும் தி.நகர், அடையாறு கடைத்தெருக்களிலும் கரும்புக் கட்டுகள் சாய்ந்து நிற்கும். நாலு நாள் கழித்துக் கடித்தாலும் இனிக்கத்தான் செய்யும். அப்படியானால் வெட்டிய கரும்பை ஆலைக்கு எப்போது கொண்டுபோனால் என்ன? இங்கேதான் நம் நாக்கு நம்மை ஏமாற்றுகிறது, நண்பர்களே!

கரும்பில் உள்ள சர்க்கரையின் பெயர் சுக்ரோஸ். வெட்டியபின் கரும்பிலேயே உள்ள இன்வர்டேஸ் என்ற நொதி அதை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கிறது. இவையும் இனிப்புதான். ஆனால் ஆலையில் படிகமாகாமல் கழிவுப்பாகோடு போய்விடும். போதாததற்கு, வெட்டுவாய் வழியாக லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா புகுந்து, டெக்ஸ்ட்ரான் என்ற கொழகொழப்பான பொருளை உண்டாக்கும். அப்புறம் சாற்றை வடிகட்டுவதும் கஷ்டம், சர்க்கரை படிவதும் தாமதம்.

கரும்பு காயும்போது நீர் வற்றுவதால் 'பிரிக்ஸ்' அளவு சில சமயம் ஏறக்கூடச் செய்யும்! உண்மையைக் காட்டிக்கொடுப்பது போலாரிமீட்டர். சுக்ரோஸ் கரைசல் ஒளியின் தளத்தை வலப்பக்கம் திருப்பும். உடைந்த கலவையோ இடப்பக்கம் திருப்பும்.

ஐரோப்பாவில் சர்க்கரைக்கிழங்கை அறுவடை செய்து வாரக்கணக்கில் குவித்து வைக்கிறார்கள். அங்குள்ள குளிரில் கிழங்கின் சுவாசம் மந்தமாக இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் குறையும். நம் ஊர் வெயிலில் கரும்புக்கு அந்தச் சலுகை கிடையாது. 24 மணி நேரத்துக்குள் அரைப்பதே நல்லது. 1912-ல் தொடங்கிய கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் கோ 86032 போன்ற அருமையான ரகங்களைத் தந்திருக்கிறது. ஆனால் எந்த ரகமானாலும் வெயிலில் கிடந்தால் கெடத்தான் செய்யும்.

எங்கள் வீட்டில் எல்லோரும் கரும்பு போட்டவர்கள். காலேஜ் வாசலை மிதித்தது நான்தான் முதல். "லாரி ரெண்டு நாள் கியூவில நின்னுச்சு, வெயிட்டு கொறஞ்சுபோச்சு" என்று அப்பா சொல்வார். குறைந்தது தண்ணீர். எடைக்குத்தானே காசு? அந்த நஷ்டம் விவசாயிக்கு. உள்ளே உடைந்தது சர்க்கரை. அந்த நஷ்டம் ஆலைக்கு. ஆகவே தாமதத்தால் யாருக்கும் லாபமில்லை.

செய்ய வேண்டியது பெரிய வித்தையல்ல. ஆலை அரைக்கும் அளவுக்கு மட்டும் வெட்டு உத்தரவு தர வேண்டும். தோகையைக் கொளுத்தக்கூடாது. கரும்பைத் துண்டு போடாமல், நிழலில் அடுக்கி, தோகையால் மூடித் தண்ணீர் தெளிக்கலாம். முதலில் வந்த கரும்பை முதலில் அரைக்க வேண்டும்.

நாளை நம்மில் சிலர் ஆலைகளில் வேலைக்குப் போவோம். வாசலில் நிற்கும் லாரி வரிசையைப் பார்த்தால், ஒரு வருட உழைப்பு அங்கே கரைந்துகொண்டிருக்கிறது என்பதை மறக்காதிருப்போம்!