முதல்ல முனையைப் பாருங்க பாஸ்!

எக்ஸ்³ – எக்ஸ். இதுக்கு ஒரு கிராஃப் போடணும். என்ன செய்வீங்க? ஸ்கூல் பழக்கத்துல உடனே ஒரு டேபிள்! எக்ஸ் –1 என்றால் விடை 0. எக்ஸ் 0 என்றாலும் 0. எக்ஸ் 1 என்றாலும் அதே 0. மூணு புள்ளியையும் ஸ்கேல் வெச்சு இழுத்தா... அட, நேர்கோடு! ஆனா நிஜ கிராஃப் அந்த இடத்துல ஒரு மேடு ஏறி, ஒரு பள்ளம் இறங்கி வருது. டேபிள் பொய் சொல்லலை. புள்ளிகளுக்கு நடுவுல நடந்ததை அது பார்க்கலை, அவ்வளவுதான்.

பாலினாமியல் எனப்படும் பல்லுறுப்புக் கோவையை வரைய, கணக்குப் போடுறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. பாதி படம் தானா வந்துடும்.

கேள்வி 1: முனைகள் எங்கே போகுது?

கோவையில் இருக்கும் மிகப் பெரிய அடுக்குதான் அதன் டிகிரி. (நீங்க கான்வொகேஷன்ல வாங்கப் போறது வேற!) டிகிரி இரட்டைப்படை, முன்னால் இருக்கும் எண் ப்ளஸ் என்றால், ரெண்டு கையையும் மேலே தூக்குங்க. அதுதான் கிராஃப். மைனஸ் என்றால் ரெண்டு கையும் கீழே. டிகிரி ஒற்றைப்படை, எண் ப்ளஸ் என்றால் இடது கை கீழே, வலது கை மேலே. மைனஸ் என்றால் அப்படியே மாத்திக்கோங்க.

மத்த உறுப்புகள் எல்லாம் சும்மாவா இருக்கும்னு கேட்கறீங்களா? எக்ஸ்³ – 3எக்ஸ் + 2 என்ற கோவையில் எக்ஸுக்கு 1,000 போடுங்க. எக்ஸ்³ மட்டும் 100 கோடி. 3எக்ஸ் வெறும் 3,000. நூறு கோடிக்கு முன்னால மூவாயிரம் எம்மாத்திரம்?

கேள்வி 2: எக்ஸ் அச்சை எங்கே தொடுது?

காரணிப்படுத்துங்க. இதே கோவை (எக்ஸ் – 1)²(எக்ஸ் + 2) என்று பிரியும். ஆக 1, –2 ஆகிய இடங்களில் விடை பூஜ்யம்.

கேள்வி 3: தாண்டுதா, தொட்டுட்டுத் திரும்புதா?

(எக்ஸ் + 2) ஒரு தடவைதான் வருது. அதனால –2ல் கோடு அச்சைத் தாண்டிப் போகும். (எக்ஸ் – 1) ரெண்டு தடவை வருது. அதனால 1ல் லேசா தொட்டுட்டு வந்த பக்கமே திரும்பிடும். ஒற்றைப்படை என்றால் தாண்டும், இரட்டைப்படை என்றால் திரும்பும். ரூல் இவ்வளவுதான்.

கேள்வி 4: எத்தனை திருப்பம்?

டிகிரியில் ஒண்ணு குறைச்சா அதிகபட்சத் திருப்பங்கள். இங்கே 2. எக்ஸுக்கு 0 போட்டால் 2. அது ஒய் அச்சை வெட்டும் இடம். –1ல் விடை 4, அங்கேதான் மேடு. இப்போ சேருங்க. இடது கீழிருந்து வந்து, –2ல் தாண்டி, 4 வரை ஏறி, 1ல் தொட்டு, மறுபடி மேலே ஜிவ்வுனு பறக்குது. டேபிளே இல்லாம படம் ரெடி!

'செமஸ்டர் முடிஞ்சதும் மறந்துடலாமே' என்கிறீர்களா? அங்கேதான் மேட்டரே இருக்கு.

2020 மே 5. அமெரிக்க அதிபரின் பொருளாதார ஆலோசகர் கவுன்சில் ஒரு கிராஃப் வெளியிட்டது. கொரோனாவின் தினசரி இறப்பு எண்ணிக்கைகளின் மேல் மூன்றாம் டிகிரி பொருத்தம் என்று பெயரிட்ட ஒரு கோடு. மே மாத நடுவிலேயே அந்தக் கோடு கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கியது. தரவைத் தெளிவாகக் காட்டத்தான் அது என்றது கவுன்சில். ஆனால் பார்த்தவர்களுக்கு, இன்னும் பத்து நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்றல்லவா தோன்றும்? நடந்தது வேறு. அந்த மாதம் முடிவதற்குள் அமெரிக்காவில் மொத்த இறப்பு ஒரு லட்சத்தைத் தாண்டியது.

கேள்வி 1ஐ ஞாபகப்படுத்திக்கோங்க. மூன்றாம் டிகிரி கோட்டின் வலது முனை ஒண்ணு மேலே பறக்கும், இல்லேன்னா கீழே பாயும். அது வைரஸின் குணம் இல்லை, ஃபார்முலாவின் குணம்! தரவு இருக்கும் இடத்தில்தான் கோடு தரவின் பேச்சைக் கேட்கும். தரவு தீர்ந்த இடத்தில் டிகிரியின் பேச்சைத்தான் கேட்கும்.

நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு வருவோம். எக்ஸெலில் ட்ரெண்ட்லைன் போடும்போது பாலினாமியல் என்று ஒரு ஆப்ஷன். டிகிரி 2 முதல் 6 வரை ஏத்தலாம். ஏத்த ஏத்த கோடு புள்ளிகளோடு சூப்பரா ஒட்டும். கைடும் ஹேப்பி. ஆனா அதே கோட்டை அடுத்த அஞ்சு வருஷத்துக்கு நீட்டி, 'விற்பனை இப்படித்தான் போகும்' என்று எழுதினால்? வைவாவில் யாராவது 'முனை ஏன்ப்பா இப்படிப் போகுது?' என்று கேட்டால், பதில் உங்க தரவுல இருக்காது.

அதனால கோட்டை நீட்டறதுக்கு முன்னாடி, ஒரு தடவை ரெண்டு கையையும் தூக்கிப் பார்த்துடுங்க. பக்கத்து பெஞ்ச் சிரிச்சா சிரிக்கட்டும்!