கல்நெய்யும் எரிவாயுவும்: குவைத் மண் கற்பிக்கும் பாடம்

முன்னுரை

விறகை எரித்து வாழ்ந்த மனிதன் நிலக்கரியைக் கண்டு நீராவிப் பொறியை இயக்கினான். பின்னர் நிலத்தடி எண்ணெயைக் கண்டு உலகின் தொலைவையே சுருக்கிக் கொண்டான். நாம் ஏறிச் செல்லும் பேருந்தும், அது ஓடும் தார்ச்சாலையும், கையிலுள்ள நெகிழிப் பையும், வயலுக்கிடும் யூரியாவும் பெட்ரோலியத்தையோ இயற்கை எரிவாயுவையோ சார்ந்தே பிறக்கின்றன. இவை மட்டுமா? நம் ஊர்களில் எத்தனையோ இல்லங்களின் அடுப்பு, வளைகுடா நாடுகளிலிருந்து வரும் ஊதியத்தால் எரிகிறது. ஆகவே எண்ணெயின் நன்மையைப் பேசும் உரிமை நமக்கு எவ்வளவு உண்டோ, அதன் தீமையை அறியும் கடமையும் அவ்வளவு உண்டு. அவ்விரண்டையும், 1991இல் குவைத்தில் நிகழ்ந்த பேரழிவை நடுவாக வைத்து ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

தோற்றமும் பெயரும்

'பெட்ரோலியம்' என்னும் இலத்தீன் வழிச் சொல்லுக்குப் பாறையின் எண்ணெய் என்பது பொருள். தமிழில் 'கல்நெய்' என்று அழைப்பது மிகப் பொருத்தமே. அரபு மொழியில் இதனை 'நஃப்த்' என்பர். 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்கர் அல்-ராஸி, இதனை வாலையிலிட்டு வடித்து வெண்ணிற நஃப்தைப் பிரிக்கும் முறையை எழுதி வைத்துள்ளார். நாம் மண்ணெண்ணெய் என்று வழங்குவதன் முன்னோடி அதுவே. 1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் எட்வின் டிரேக் என்பவர் ஏறத்தாழ 21 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு எண்ணெய் எடுத்ததே இன்றைய எண்ணெய்த் தொழிலின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்களில் வாழ்ந்த நுண்ணுயிரிகள் மடிந்து அடியில் படிந்தன. அவற்றின்மேல் சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிய, காற்றுப் புகாத நிலையில் அழுத்தமும் வெப்பமும் அவற்றை எண்ணெயாக மாற்றின. வெப்பம் இன்னும் மிகுந்த இடங்களில் அவை வாயுவாயின. இவ்வெண்ணெய் நிலத்தடியில் ஏரிபோல் தேங்கி நிற்கவில்லை. நுண்துளைகள் நிறைந்த பாறைக்குள், பஞ்சில் நீர் ஊறியிருப்பதுபோல் ஊறியிருக்கிறது. மேலே ஊடுருவ இயலாத பாறை ஒன்று மூடிபோல் அமைந்தால் மட்டுமே அது தப்பிச் செல்லாமல் தங்கும். உருவாகப் பல கோடி ஆண்டுகள் எடுத்துக்கொண்ட இச்செல்வத்தை நாம் ஒரு சில நூற்றாண்டுகளில் எரித்துத் தீர்க்கிறோம் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

கச்சா எண்ணெயைச் சூடேற்றி உயர்ந்த கோபுரத்துள் செலுத்தினால், இலேசானவை மேலேயும் கனமானவை கீழேயுமாகப் பிரியும். சமையல் வாயு, பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல், தார் என ஒவ்வொன்றும் அதனதன் கொதிநிலைக்கேற்பப் பிரிகின்றது. இயற்கை எரிவாயுவும் நம் வீட்டு உருளையில் வரும் வாயுவும் ஒன்றே எனப் பலர் கருதுவர். அது சரியன்று. முன்னது பெரும்பாலும் மீத்தேன். குழாய் வழியே வருவது. பின்னது புரொப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை, அழுத்தத்தால் நீர்மமாக்கப்பட்டது. இவற்றுக்கு இயல்பில் மணமில்லை. கசிந்தால் அறிந்துகொள்வதற்காகவே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கின்றனர்.

குவைத்தில் மூண்ட தீ

குவைத்தின் புர்கான் எண்ணெய் வயல் 1938இல் கண்டறியப்பட்டது. உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களுள் அது ஒன்று. 1946இல் குவைத்தின் முதல் ஏற்றுமதி நிகழ்ந்தது. முத்துக் குளித்தும் மரக்கலம் ஓட்டியும் வாழ்ந்த சிறு நாடு செல்வ நாடாயிற்று. 1990 ஆகஸ்டு 2ஆம் நாள் ஈராக் படைகள் அந்நாட்டினுள் புகுந்தன. அப்போது 1,70,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள், பெரும்பாலோர் ஜோர்டான் நாட்டின் அம்மான் வழியாக, விமானங்களில் தாயகம் கொண்டுவரப்பட்டனர்.

1991 பிப்ரவரியில் தோற்றுப் பின்வாங்கிய படைகள் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளை வெடிவைத்துக் கொளுத்தின. அவ்வயல்களில் எண்ணெய் தன் அழுத்தத்தாலேயே பீறிட்டெழும் தன்மையது. கிணற்றுத் தலை உடைந்ததும் தடுப்பாரின்றிப் பொங்கி எரிந்தது. நாள்தோறும் பல இலட்சம் பீப்பாய்கள் புகையாயின. ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 லிட்டர். நண்பகலும் நள்ளிரவாயிற்று, கரிய மழை பெய்தது, புகைத்திரையின்கீழ்ப் பகல் வெப்பம் பல பாகை குறைந்தது.

இப்புகை மேல் வளிமண்டலத்தை அடைந்து தெற்காசிய வேளாண்மையையே குலைத்துவிடலாம் என்று வானியலறிஞர் கார்ல் சேகன் போன்றோர் அஞ்சினர். அவ்வாறு நிகழவில்லை. புகை பெரும்பாலும் 6 கிலோமீட்டர் உயரத்துக்குக் கீழேயே நின்று, சில நாள்களில் மழையாலும் காற்றாலும் கலைந்தது. தம் கணிப்புப் பொய்த்ததைச் சேகன் பின்னர்த் தம் நூலிலேயே ஒப்புக்கொண்டார். எனினும் உலகுக்கு நேராத கேடு, குவைத்துக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் நேரவே செய்தது.

தீயணைப்பு வீரர்கள் முதலில் கண்ணிவெடிகளை அகற்ற வேண்டியிருந்தது. பின்னர், எண்ணெயைக் கடற்கரைக்குக் கொண்டுசென்ற குழாய்களிலேயே கடல்நீரை எதிர்த்திசையில் செலுத்தி வயல்களுக்குக் கொணர்ந்தனர். நீரைப் பீய்ச்சிக் குளிர்வித்தும், வெடிமருந்தால் தீயைச் சூழ்ந்த பிராணவாயுவைச் சிதறடித்தும் அணைத்தனர். ஹங்கேரி நாட்டுக் குழுவினர் பழைய பீரங்கி வண்டியொன்றின்மேல் இரு மிக் போர் விமான எஞ்சின்களைப் பொருத்தி, நீரும் காற்றும் கலந்து ஊதியே தீயை அவித்தனர். பல ஆண்டுகள் பிடிக்கும் என்று அஞ்சப்பட்ட பணி, 1991 நவம்பர் 6ஆம் நாள் நிறைவுற்றது.

அணையாத கேடு

தீ அணைந்தது, கேடு அணையவில்லை. எரியாமல் வழிந்த எண்ணெய் பாலை நிலத்தின் பள்ளங்களில் 300க்கும் மேற்பட்ட ஏரிகளாகத் தேங்கியது. வலசை வந்த பறவைகள் அவற்றை நீர்நிலையெனக் கருதி இறங்கி மாண்டன. புகைக்கரியும் எண்ணெய்த் துளிகளும் மணலுடன் இறுகி, தார்போன்ற கடும் படலமாக நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 20இல் ஒரு பங்கை மூடின. இன்னொன்று நெஞ்சை உறுத்துவது. ஆறே இல்லாத அந்நாட்டின் வடபகுதியில், ரவ்ளதைன், உம்முல் ஐஷ் ஆகிய இடங்களில் அரிதாகக் கிடைத்த நன்னீர் ஊற்று உண்டு. தீயணைக்கப் பாய்ச்சிய உவர்நீர் எண்ணெயையும் இழுத்துக்கொண்டு இறங்கி அந்நிலத்தடி நீரை மாசுபடுத்தியது. நோய்க்கு இட்ட மருந்தே மற்றொரு நோயாயிற்று.

கடலின் நிலையும் இதுவே. 1991 சனவரியில் வளைகுடாவில் திறந்துவிடப்பட்ட பல இலட்சம் பீப்பாய் எண்ணெய், சவூதி அரேபியக் கடற்கரையில் 600 கிலோமீட்டருக்கும் மேலாகப் படிந்தது. கடலோரச் சதுப்புகளில் நண்டு வளைகள் வழியே ஆழத்தில் இறங்கிய எண்ணெய், பத்தாண்டுகள் கழித்து ஆய்ந்தபோதும் அங்கேயே இருந்தது.

ஐக்கிய நாடுகள் அவை அமைத்த இழப்பீட்டு ஆணையம் மொத்தம் 5,240 கோடி டாலர் வழங்க ஆணையிட்டது. அதன் இறுதித் தவணையை ஈராக் 2022இல் செலுத்தி முடித்தது. கடன் தீர்ந்தது, ஆயினும் குவைத்தில் மண்ணைத் தூய்மைப்படுத்தும் பணி 2020களிலும் தொடர்ந்தது. தீயை அணைக்கச் சில மாதங்கள் போதுமாயின. மண்ணை மீட்க முப்பது ஆண்டுகளும் போதவில்லை.

போரில்லாத நாளின் புகை

இஃது போரின் விளைவுதானே என்று கேட்கலாம். போரில்லாத நாளிலும் எண்ணெய் எரிந்துகொண்டேதான் இருக்கிறது. ஓரிடத்தில் எரியாமல் கோடிக்கணக்கான எஞ்சின்களில் சிறுசிறிதாக எரிகிறது. தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் பத்து இலட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐக் கடந்துவிட்டது. குவைத்தின் கரும்புகை கண்ணுக்குத் தெரிந்தது, இவ்வாயு தெரிவதில்லை. புகைக்கரி சில நாள்களில் மழையோடு இறங்கிவிடும். இவ்வாயுவின் ஒரு பகுதி நூற்றாண்டுகள் தங்கும்.

எரிவாயு இதற்கு மாற்றாகுமா? ஒரே அளவு மின்சாரத்துக்கு நிலக்கரி வெளியிடுவதில் ஏறத்தாழப் பாதிக் கரியமில வாயுவையே அது வெளியிடுகிறது, சாம்பலும் இல்லை. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்குக்குக் குறையாமல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எண்ணெயோடு வெளிப்படும் வாயுவைப் பயன்படுத்த வழியின்றி வயலிலேயே கொளுத்திவிடும் வழக்கமும் உண்டு. உலகில் ஆண்டுதோறும் இவ்வாறு வீணாவது ஏறத்தாழ 14,000 கோடி கன மீட்டருக்கு மேல். எனவே எரிவாயு நாம் கடந்து செல்ல வேண்டிய பாலமேயன்றிக் குடியிருக்கும் வீடன்று.

நம் கரையும் விலக்கன்று. 2017 சனவரி 28ஆம் நாள் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, வாளிகொண்டு கையால் அள்ளியதை நாம் கண்டோம். இழந்தவர்கள் மீனவர்கள்.

முடிவுரை

எண்ணெயை இன்றே கைவிடுவோம் என்பது நடவாத பேச்சு; என்றும் கைவிட இயலாது என்பது சோம்பலின் பேச்சு. பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழக்கம் நீங்காது என்றனர். இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலும், சாலை வாகனங்களைப் பொறுத்தவரை உலகெங்கும் 2021இலும் நீங்கியது. 2023 திசம்பரில் எண்ணெய் வளைகுடாவின் துபாய் நகரிலேயே கூடிய காலநிலை மாநாடு, புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலகிச் செல்லுமாறு நாடுகளை முதன்முறையாக அழைத்தது.

மாணவச் செல்வங்களே! வளைகுடா நம் பெற்றோர்க்கு வாழ்வளித்தது. அதற்கு நன்றி பாராட்டுவோம். ஆனால் நீங்கள் கற்கும் வேதியியலும் பொறியியலும் எண்ணெய்க் கிணற்றோடு முடிய வேண்டியதில்லை. கதிரவனையும் காற்றையும் நோக்கித் திரும்பட்டும். பெரியோர்களும் பிள்ளைகளின் படிப்பைத் தேரும்போது இதனை எண்ணிப் பார்த்தல் நலம். முன்னோர் சேர்த்த செல்வத்தை விற்று உண்பவனைக் காட்டிலும், உழுது உண்பவனே நிலைத்து வாழ்வான்.