யுன்னான் மலைகளில் விமானமும் திராட்சையும்

சீன தேசத்துக்குப் புறப்படும் பிரயாணிகளில் பெரும்பாலோர் பெய்ஜிங்கின் அரண்மனையையும் பெருஞ்சுவரையும் ஷாங்காய் நகரத்தின் உயர்ந்த கட்டடங்களையும் கண்டு திருப்தியடைந்து திரும்பிவிடுகிறார்கள்; ஆனால் ஆகாய விமானங்களின் சரித்திரத்தில் ஈடுபாடும், இரண்டாம் உலக மகாயுத்தத்தைப் பற்றி அறியும் ஆவலும், இயந்திர நுட்பங்களில் ஆர்வமும், நல்ல திராட்சை மதுவைச் சுவைத்து அதன் குணத்தை ஆராயும் ரசனையும் ஒருங்கே வாய்த்த ஒருவர் எங்கே போகவேண்டும் என்று கேட்டால், தென்மேற்குக் கோடியில் பர்மாவையும் திபெத்தையும் தொட்டுக்கொண்டு கிடக்கும் யுன்னான் மாகாணத்துக்கு என்று தயக்கமின்றிச் சொல்வேன். இந்த நான்கு விருப்பங்களுக்கும் ஒன்றோடொன்று என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். யுன்னானில் அவற்றைப் பிணைத்து வைத்திருப்பது மலை.

1937-இல் தொடங்கிய ஜப்பானியப் படையெடுப்பினால் சீனாவின் கடற்கரைத் துறைமுகங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. 1940-இல் ஜப்பானியர் வட இந்தோசீனாவில் நுழைந்தபோது, ஹைபாங் துறைமுகத்திலிருந்து யுன்னானின் தலைநகரான குன்மிங்குக்கு வந்த ரயில் பாதையும் அடைபட்டது. எஞ்சியிருந்தது பர்மாவின் லாஷியோவிலிருந்து குன்மிங் வரை, சுமார் 1,150 கிலோமீட்டர் தூரத்துக்கு, ஏறத்தாழ 2,00,000 கிராமவாசிகள் இயந்திரங்களின் உதவி அநேகமாக இல்லாமலே மலையைக் குடைந்து 1938-இல் முடித்த பர்மா சாலை ஒன்றுதான். வாலிபர்கள் போர்முனைக்குப் போய்விட்ட காலம் அது; ஆகையால் அந்த வேலையின் பெரும்பாரத்தைச் சுமந்தவர்கள் பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும். 1942 ஏப்ரல் இறுதியில் லாஷியோவும் வீழ்ந்து, அந்த வழியும் மூடப்பட்டது.

தரையும் கடலும் அடைபட்ட பின் மிச்சமிருந்தது ஆகாயம். அஸ்ஸாமில் சாபுவா, தின்ஜான் முதலிய தளங்களிலிருந்து எழும்பி, ஐராவதி, சால்வீன், மேகாங் ஆகிய மகாநதிகளின் பள்ளத்தாக்குகளையும் அவற்றைப் பிரிக்கும் மலைத்தொடர்களையும் தாண்டிக் குன்மிங்கில் இறங்கிய இந்த மார்க்கத்தை விமானிகள் ‘திமில்’ என்றே அழைத்தார்கள். கடல்மட்டத்துக்குச் சற்றே உயர்ந்த சமவெளியிலிருந்து புறப்பட்டு, 4,500 மீட்டர் உயரமுள்ள முகடுகளுக்கு மேல் பாரத்தோடு ஏறியாக வேண்டும். அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவதனால் இறக்கையின் தாங்கு சக்தியும் இயந்திரத்தின் வலிமையும் சேர்ந்து குன்றுகின்றன. முதலில் அந்த வேலைக்கு வந்த சி-47 விமானம் இத்தகைய உயரத்துக்கென்று உருவானதன்று. 1943-இல் வந்த சி-46 அதைவிட அதிக பாரத்தை அதிக உயரத்துக்குக் கொண்டு சென்றதாயினும், அதன் குறைகளை விமானிகள் மலைகளின் மீது பறந்தபடியேதான் கண்டறிய நேர்ந்தது. வங்கக் கடலிலிருந்து வரும் பருவக்காற்று இந்த மலைகளின் மேற்கு முகத்தில் மோதி எழுப்பிய புயலும், இறக்கைகளில் படர்ந்த பனிக்கட்டியும், விமானத்தைத் திசை தவறச் செய்த சூறைக்காற்றும் எதிரியின் துப்பாக்கியைவிட அதிகமானவர்களைப் பலிகொண்டன.

1942 முதல் 1945 வரை இந்த வழியே சுமார் 6,50,000 டன் சரக்கு சீனாவை அடைந்தது. 1945 ஜூலை மாதத்தில் மட்டும் 71,000 டன். விலையாக 500-க்கு மேற்பட்ட விமானங்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களும் போயின. வானம் தெளிந்த நாட்களில், கீழே சிதறிக் கிடந்த அலுமினியத் துண்டுகளின் மினுமினுப்பையே வழிகாட்டியாகக் கொண்டு பறக்கலாம் என்று விமானிகள் சொல்லிக்கொண்டார்களாம். இதை எழுதும்போதே மனம் கனக்கிறது.

இவ்வளவு வீரத்திலும் என்னை மிகவும் கவர்வது சாதாரண மனிதர்களின் யுக்தியும் உழைப்பும்தான். அமெரிக்கத் தொண்டர்படையின் தலைவர் கிளேர் ஷெனால்ட், ராடார் இல்லாத சீனாவில், கிராமந்தோறும் கண்காணிப்பவர்களை நிறுத்தி, அவர்கள் கண்ட விமானங்களையும் கேட்ட இரைச்சலையும் தொலைபேசியாலும் வானொலியாலும் உடனுக்குடன் தெரிவிக்கும்படி ஓர் எச்சரிக்கை வலையை விரித்திருந்தார். அபாயத்தின் அளவை ஊராருக்கு அறிவிக்கக் கம்பங்களில் உருண்டைகள் ஏற்றப்பட்டன. 1941 டிசம்பர் 20 அன்று குன்மிங்கைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்களை ‘பறக்கும் புலிகள்’ என்று பெயர்பெற்ற அந்தத் தொண்டர்படையினர் வழியிலேயே எதிர்கொண்டு விரட்டியதற்கு இந்த வலையும் ஒரு காரணம். அதே ஆண்டில் சீனத் தேசிய விமானக் கழகத்தின் டி.சி.-3 விமானம் ஒன்று சீச்சுவானில் தரையில் நிற்கையிலேயே குண்டுவீச்சில் ஓர் இறக்கையை இழந்தது. மாற்று இறக்கை கிடைக்காமற்போகவே, அளவில் சிறிய டி.சி.-2-இன் இறக்கையை ஹாங்காங்கிலிருந்து இன்னொரு விமானத்தின் வயிற்றடியில் கட்டிக் கொண்டுவந்து பொருத்தினார்கள். இரு பக்கமும் சமமில்லாத அந்த விமானம் பத்திரமாக ஹாங்காங் வரை பறந்து சென்றது. பொறியியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அறியவேண்டிய சம்பவம் இது. விமான ஓடுபாதைகளையோ, கையால் உடைத்த கற்களைப் பரப்பி, நூற்றுக்கணக்கானோர் கயிறு கட்டி இழுத்த பிரம்மாண்டமான கல்லுருளைகளால் சமப்படுத்தினார்கள்.

இன்று குன்மிங்கின் பழைய வூஜியாபா விமான நிலையம் இல்லை. 2012-இல் சாங்ஷுய் என்னும் புதிய நிலையம் அதன் இடத்தைப் பெற்றது. ஆயினும் பர்மா எல்லையோரத்திலுள்ள பியான்மா என்னும் சிற்றூருக்குப் போனால், 1943-இல் மலைக்காட்டில் விழுந்து, அரை நூற்றாண்டுக்குப் பின் 1990-களில் கண்டெடுக்கப்பட்ட சி-53 விமானத்தின் சிதைந்த உடலை அருங்காட்சியகத்தில் காணலாம். அதன் முன் நின்று, பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு உடனே நகர்ந்துவிடாமல், அந்த மெல்லிய தகட்டுக்குள் உட்கார்ந்து இந்த மலைகளைத் தாண்டத் துணிந்தவர்களைச் சிறிது நேரம் நினைக்க வேண்டும்.

அங்கிருந்து வடக்கே மேகாங் நதியை எதிர்த்து ஏறினால் உலகமே மாறிவிடுகிறது. விமானங்களை அலைக்கழித்த மழை மேகங்கள் மேற்கு மலைச்சுவர்களிலேயே தம்மைப் பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுவதால், கிழக்கே ஆழ்ந்து கிடக்கும் இந்தப் பள்ளத்தாக்கு வறண்டு, வெயில் நிறைந்து, திராட்சைக்கு உகந்ததாக இருக்கிறது. இதைத்தான் இந்தப் பிரயாணத்தின் மிகச் சுவையான பாடம் என்று கருதுகிறேன்: விமானிக்கு யமனாக நின்ற அதே மலை குடியானவனுக்குக் குடையாக நிற்கிறது. வடக்கே நிங்சியா பிரதேசத்தில் குளிர்காலந்தோறும் கொடிகளை மண்ணில் புதைத்து, வசந்தத்தில் தோண்டியெடுத்தாக வேண்டும். மேகாங்கின் இந்தச் சரிவுகளில் அந்தப் பெருந்தொல்லை இல்லை.

இங்கே திராட்சையைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுப் பாதிரியார்கள். திருப்பலிக்குத் திராட்சை இரசம் தேவைப்பட்டது. ட்சிஜோங் கிராமத்தில், முகப்பு ஐரோப்பிய பாணியிலும் கோபுரத்தின் உச்சி சீனக் கூரையோடும் அமைந்த அவர்களுடைய ஆலயம் இன்றும் நிற்கிறது. 1950-களின் தொடக்கத்தில் பாதிரியார்கள் வெளியேற்றப்பட்ட பிறகும், திபெத்தியக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ‘ரோஸ் ஹனி’ என்னும் அந்தப் பழைய கொடியைக் காப்பாற்றி வந்தன. வீடுகளில் இறக்கும் மது எளியது, சற்றே இனிப்பானது. ஆராய்வதைவிட உபசரிப்பாக ஏற்றுக்கொள்வதே அதற்குத் தகும்.

மெய்லி பனிமலையின் அடிவாரத்தில், 2,200 முதல் 2,600 மீட்டர் உயரத்தில், திபெத்தியக் குடியானவர்கள் பயிரிடும் துண்டு நிலங்களிலிருந்து பிரெஞ்சு நிறுவனமொன்று தயாரிக்கும் ‘ஆவோ யுன்’ வேறு தரத்தைச் சேர்ந்தது. அதன் முதல் அறுவடை 2013-ஆம் ஆண்டினது. சுவைக்கும்போது முதலில் கிண்ணத்தை வெள்ளைத் துணியின்மேல் சாய்த்து நிறத்தைப் பாருங்கள்; உயரத்தின் கடும் வெயிலுக்கு ஈடுகொடுக்கத் திராட்சை தன் தோலைத் தடிப்பாக்கிக் கொள்வதால் நிறம் ஆழ்ந்திருக்கும். பிறகு மெல்லச் சுழற்றி முகர்ந்து, ஒரு வாயளவு எடுத்து நாவெங்கும் பரவவிட்டால், தோலும் விதையும் தந்த துவர்ப்பு ஈறுகளில் படிவதையும், குளிர்ந்த இரவுகள் காத்துவைத்த புளிப்பு நாவைத் தூண்டுவதையும் உணரலாம். மலைநிழல் பகலின் வெயில் நேரத்தைச் சுருக்கிவிடுவதனால் பழம் நிதானமாகவே கனிகிறது. அந்த நிதானம் சுவையிலும் இருக்கிறது.

இந்தப் பகுதிக்குரிய ஷாங்ரி-லா விமான நிலையம் 3,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால், நேராக அங்கே இறங்குபவர்களுக்குத் தலைவலியும் மூச்சுத் திணறலும் வரக்கூடும். அந்த நிலையில் மதுவைத் தொடாமல், உடல் பழகிய பின் பள்ளத்தாக்குக் கிராமங்களுக்கு இறங்கிச் சுவைப்பதே விவேகம். மலைச்சரிவுகள் பெயர்ந்து சாலையை மறிக்கும் மழைமாதங்களைத் தவிர்த்து அக்டோபரில் போகிறவர்கள், உயரமான கிராமங்களில் அறுவடை நடப்பதையும் காணலாம்.