காற்றில் வருவது எல்லோருக்கும் பொது

நாமகிரிப்பேட்டை பக்கம் எனக்கு நாலரை ஏக்கர் தோட்டம். முப்பத்து மூன்று வருஷம் வங்கியில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு மண்ணைத் தொட்டவன் நான். நஞ்சில்லாமல் பண்ணையம் பார்க்க ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகிறது. இரண்டு ஏக்கரில் குச்சிக்கிழங்கு, மீதியில் மஞ்சளும் சோளமும். நம் வாசகர்களில் பாதிப்பேர் கதையும் ஏறக்குறைய இதுதான் என்பதால், இதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வந்தது வானொலியைப் பற்றி. ஆனால் ஒரு மாவுப்பூச்சியில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்தில் முதலில் தென்பட்டு, பிறகு நம் சேலம், நாமக்கல் காடுகளுக்கு வந்து சேர்ந்தது. குருத்து கொத்தாகச் சுருண்டு, செடி வளராமல் நின்றுபோனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தென் அமெரிக்காவில் இருந்து 1970-களில் ஆப்பிரிக்காவுக்குப் போய் அங்கே மரவள்ளியை அழித்த அதே பூச்சி. அங்கே அதை அடக்கியது மருந்து இல்லை. எறும்பை விடச் சிறிய ஒரு குளவி. பெயர் அனகைரஸ் லோபெசி. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைத்து, உள்ளிருந்தே அதைத் தின்று வெளியே வரும். ஹான்ஸ் ஹெரன் என்ற விஞ்ஞானியின் தலைமையில் 1981-இல் இருந்து அதை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பினார்கள். அதற்காக அவருக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

அந்தக் குளவியை பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் பெனின் நாட்டில் இருந்து வரவழைத்து, 2022 மார்ச்சில் நம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது. செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. "குளவி விட்ட காட்டிலும் அக்கம்பக்கத்திலும் மருந்து அடிக்கக் கூடாது" என்று அதில் தெளிவாக இருந்தது. படித்தேன், நாலு குழுவுக்கு அனுப்பினேன். கொஞ்ச நாளில் எனக்கும் குளவி கிடைத்தது. கொண்டுவந்து விட்டேன். கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

பத்து நாள் கழித்துக் காலையில் போனால் மருந்து வாடை. எனக்குக் கிழக்கே குத்தகைக்கு ஓட்டுகிறவர், குருத்து சுருண்டதைப் பார்த்துக் கடையில் கேட்டு, கொடுத்ததை வாங்கி, எங்கள் பொது வரப்பு வரைக்கும் அடித்து முடித்திருந்தார். எனக்குக் கோபம் வந்தது. "ஏனுங்க, குளவி விட்டிருக்கோம், மருந்து அடிக்கக் கூடாதுன்னு தெரியாதுங்களா?" என்றேன்.

அவர் பம்பை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "சார், உங்களுக்குப் போன்ல வந்துச்சு. எனக்கு எப்படிங் சார் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுல்ல?"

அவரிடம் இருப்பது பட்டன் போன். மாட்டுக் கொட்டாயில் ஒரு ரேடியோ தொங்குகிறது. காலை ஐந்து மணிக்குப் பால் கறக்கும்போது அது பாடுவது என் வீடு வரைக்கும் கேட்கும். நான் நாலு குழுவுக்குச் செய்தி அனுப்பினேன். வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கிற மனிதருக்குச் சொல்லவில்லை.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில்

அன்றைக்கு முழுக்க இதையே யோசித்தேன். சில செய்திகள் எனக்கு மட்டும் தெரிந்தால் போதும். மஞ்சள் விலை அப்படி. ஆனால் சில செய்திகள் சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியாவிட்டால், தெரிந்தவனுக்கும் பிரயோஜனம் இல்லை. குளவி வரப்பைப் பார்த்துப் பறப்பதில்லை. ஏரி மதகு திறப்பதும், மாட்டுக்கு அம்மை பரவுவதும், புயல் வருவதும் இந்த ரகம்தான்.

வாட்ஸ்அப் என்பது நமக்குத் தெரிந்தவர்களுக்குள் சுற்றுவது. யூடியூப், நாம் ஏற்கெனவே பார்த்ததைப் போலவே இன்னொன்றைக் காட்டும். இயற்கை விவசாயிக்கு இயற்கை விவசாயம், மருந்து அடிப்பவருக்கு மருந்து. வானொலி மட்டும்தான் ஆள் பார்க்காமல் பேசுகிறது. ஒரு கோபுரத்தில் இருந்து கிளம்பும் அலையைப் பத்துப் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான். கூட்டம் அதிகமானால் தடங்கல் ஆவதும் இல்லை.

இன்னொன்று, நம் வேலையில் கையும் கண்ணும் சும்மா இருக்காது. களை எடுக்கிற பெண்கள், தறிப்பட்டறையில் உட்கார்ந்திருப்பவர்கள், பால் கறப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், இவர்கள் யாரும் போனைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. காது மட்டும் காலியாக இருக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டியபோது மின்கம்பங்களும் செல்போன் கோபுரங்களும் சேர்ந்தே சாய்ந்தன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த மாதிரி நாளில் இரண்டு பேட்டரிக் கட்டையில் ஓடுகிற பெட்டிக்கு ஈடு எது?

ரேடியோ நெல்லும் என் கையெழுத்தும்

வானொலியைத் தூக்கி வைத்துப் பேசும்போது இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1966-இல் அகில இந்திய வானொலியின் சில நிலையங்களில் பண்ணை ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. அதில் திருச்சியும் ஒன்று. அந்தச் சமயத்தில் ஜப்பானிய ரகத்தோடு ஒட்டுக் கட்டிய குறுகிய கால நெல் ஆடுதுறை 27 வந்தது. திருச்சி வானொலி அதைப் பற்றி விடாமல் பேசியது. கேட்ட தஞ்சை விவசாயிகள் அதற்கு வைத்த பெயர் "ரேடியோ நெல்". ஒரு நெல்லுக்கே வானொலியின் பெயர் வரும் அளவுக்கு அந்தக் குரலை நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையின் முதுகில் ஏறித்தான் யூரியாவும் பூச்சிமருந்தும் சேர்ந்து வந்தன. வானொலியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் வங்கியில் வேளாண் அதிகாரியாக இருந்தபோது, பயிர்க்கடனில் ரொக்கப் பகுதி, பொருள் பகுதி என்று இரண்டு உண்டு. பொருள் பகுதி என்றால் உரமும் மருந்தும்தான். "எனக்கு உரம் வேண்டாங்க, எருக் கிடக்குது" என்று சொன்ன பெரியவர்களுக்கும் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். கருவி கெட்டது இல்லை. யார் வாயில் இருக்கிறது, கேட்டவன் திருப்பிக் கேள்வி கேட்க முடிகிறதா என்பதுதான் விஷயம்.

இதை வெகு காலம் முன்பே புனேயில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1956-இல் யுனெஸ்கோ உதவியோடு, மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் ஏறக்குறைய 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைத்தார்கள். ஊருக்கு இருபது பேர் சேர்ந்து உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள். முடிந்ததும் அதைப் பற்றிப் பேசுவார்கள். சந்தேகத்தை எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்கள். அடுத்த நிகழ்ச்சிகளில் பதில் வரும். பால் நியூராத் என்ற சமூகவியல் அறிஞர் இதை ஆராய்ந்தார். மன்றம் இருந்த ஊர்களில் விவரம் தெரிந்தவர்கள் வெகுவாகக் கூடியிருந்தார்கள். ரேடியோ மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்களில் பெரிய மாற்றம் இல்லை.

இதை நான் இரண்டு தடவை படித்தேன். பெட்டி மட்டும் போதாது. பெட்டியைச் சுற்றி நாலு பேர் உட்கார வேண்டும். 1959-இல் இந்தத் திட்டத்தை நாடு முழுக்க விரித்தார்கள். காலப்போக்கில் மன்றங்கள் கலைந்தன, பெட்டி மட்டும் மிஞ்சியது. வானொலி செல்வாக்கு இழந்ததற்கு டிவியையும் செல்போனையும் காரணம் சொல்கிறோம். அதற்கு முன்பே நாம் எழுந்து போய்விட்டோம்.

தங்கள் குரலைத் தாங்களே எடுத்தவர்கள்

அலைவரிசை என்பது பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்புச் சொன்னது. 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலி ஒலித்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களும் வேளாண் அறிவியல் நிலையங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு வழி திறந்தது.

இதை நம் கொள்கைக்காரர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பார்க்க வேண்டுமானால் தெலங்கானாவுக்குப் போக வேண்டும். ஜஹீராபாத் பக்கம் மாச்சனூரில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் பெண்கள் நடத்துவது சங்கம் ரேடியோ. பெரும்பாலும் தலித் பெண்கள், மானாவாரியில் சிறுதானியம் விதைப்பவர்கள். ஒலிப்பதிவுக் கூடம் கட்டிய பிறகும் அனுமதி கிடைக்காமல் பல வருஷம் காத்திருந்தார்கள். சும்மா இருக்கவில்லை, நிகழ்ச்சிகளைக் கேசட்டில் பதிந்து சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008 அக்டோபர் 15 அன்று காற்றில் ஏறினார்கள். நிலையத்தைப் பார்த்துக்கொண்ட இரண்டு பெண்களுக்கும் பெயர் நரசம்மா. விதை, சாமி, பாட்டு, மாட்டு வைத்தியம் எல்லாம் அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே வரும். பட்டணத்துத் தெலுங்கு கிடையாது.

நம் மாநிலத்தில் பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காகப் பேசுகிறது. காற்று எப்படி, கடல் எப்படி என்பதை அந்தக் கரைக்காரரே சொல்கிறார். நமக்குப் பக்கத்தில் பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும் ஒரு சமுதாய வானொலி நடத்துகிறது. இந்த மாதிரி நிலையங்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் எட்டும். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். மாவுப்பூச்சிக்கும் ஏரித் தண்ணீருக்கும் அந்தப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தானே வேண்டும்?

பெரிய நிலையங்களுக்கும் வேலை இருக்கிறது. எங்கள் தோட்டத்தில் திருச்சி நடுத்தர அலையும் கேட்கும், மலை உச்சியில் இருந்து வரும் கோடைப் பண்பலையும் கேட்கும். ஆனால் நடுத்தர அலை செல்போனில் எடுக்காது. எல்.இ.டி. விளக்கோ இன்வெர்ட்டரோ ஓடினால் ரேடியோவிலும் கரகரப்புதான். பண்பலையாவது போனில் வரும் என்று பார்த்தால், புதுப் போன்களில் அந்த வசதியையே எடுத்துவிடுகிறார்கள். 2023-இல் மத்திய அரசு போன் தயாரிப்பாளர்களுக்கு அந்த வசதி இருக்க வேண்டும் என்று அறிவுறுத்தியது. வாங்கும்போது நாமும் கேட்டு வாங்கினால்தான் நிலைக்கும்.

எங்கள் ஊரில் செய்து பார்த்தது

குளவி விவகாரத்துக்குப் பிறகு கிழக்குத் தோட்டத்துக்காரரும் நானும் கொஞ்ச நாள் பேசவில்லை. பிறகு நானே போனேன். "தப்பு என்னுதுங்க" என்றேன். "சரி உடுங்க சார்" என்றார். அவருடைய ரேடியோவை வைத்துத்தான் ஆரம்பித்தோம்.

வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் மாரியம்மன் கோவில் திண்ணையில் ஒன்பது பேர் உட்கார்ந்தோம். ஒரே ஒரு பண்ணை நிகழ்ச்சி கேட்பது, பிறகு அரை மணி நேரம் பேசுவது. முதல் இரண்டு வாரம் பாதி நேரம் திட்டித்தான் தீர்த்தோம். "நம்மூரு குச்சிக்கிழங்கப் பத்தி ஒரு வார்த்தை பேசறானா பாரு!" என்பார்கள். சரி, அதையே எழுதுவோம் என்று அஞ்சலட்டையில் கேள்வி எழுதிப் போட்டோம்: மருந்து அடிக்காமல் மாவுப்பூச்சிக்கு என்ன செய்வது, பக்கத்துக் காட்டுக்காரர் அடித்தால் குளவி என்ன ஆகும்?

ஆறு வாரம் பதில் இல்லை. ஏழாவது வாரம் படித்தார்கள், ஊர்ப் பெயரோடு. பதில் சுருக்கம்தான், நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் ரேடியோவில் ஊர்ப் பெயர் வந்தது என்று தெரிந்து அடுத்த வாரம் திண்ணையில் இருபத்து மூன்று பேர். அதில் ஆறு பேர் பெண்கள். வாட்ஸ்அப்பில் நான் முப்பது தடவை சொல்லியும் நடக்காதது, அடுத்த நடவுக்கு முன்பு நடந்தது: எங்கள் பக்கம் பதினொரு தோட்டத்துக்காரர்கள் சேர்ந்து, யாரும் மருந்து அடிப்பதில்லை, நட்டபிறகு எல்லோரும் சேர்ந்து குளவி விடுவது என்று பேசி முடித்தோம். இரண்டு பேர் வார்த்தை தவறினார்கள். ஒன்பது பேர் நின்றார்கள்.

நம் இயக்கத்து நண்பர்களுக்கு நான் சொல்வது மூன்றே விஷயம். ஊரில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். கேட்டதும் நல்லதையும் குறையையும் நிலையத்துக்கு எழுதுங்கள். கடிதம் வராத நிகழ்ச்சியைத்தான் முதலில் நிறுத்துவார்கள். கூப்பிட்டால் போய்ப் பேசுங்கள், நம் பேச்சிலேயே பேசுங்கள். இன்னொன்றும் ஆசை. சந்தியூரிலும் நாமக்கல்லிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. சட்டப்படி அவையே சமுதாய வானொலி நடத்தலாம். அடுத்த குறைதீர்க்கும் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுத்து மூலம் வைக்க எங்கள் திண்ணைக்காரர்கள் முடிவு செய்திருக்கிறோம். உங்கள் ஒன்றியத்திலும் வையுங்கள்.

போன வாரம் புது கேள்வி ஒன்று எழுதினோம். இந்தத் தடவை அஞ்சலட்டையைப் பிடித்தது கிழக்குத் தோட்டத்துக்காரர். "நீங்க சொல்லுங்க சார், எழுதறேன்" என்று ஆரம்பித்தவர், நான் சொல்வதற்குள் தன் கேள்வியை எழுதி முடித்துவிட்டார்.