பம்பு சுடுவது ஏன்?

சைக்கிளுக்குக் காற்றடித்த சிறுவன் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறுகிறான். "உள்ளே உரசுகிறதல்லவா, அதனால்தான்" என்று நாம் பதில் சொல்லிவிடுகிறோம். அது முழு உண்மையன்று. உரசலே இல்லாத பம்பு ஒன்று கிடைத்தாலும் அதுவும் சுடவே செய்யும். காற்றை அமுக்க நாம் செலவிடும் சக்தி, அந்தக் காற்றிலேயே சூடாகச் சேர்ந்துவிடுகிறது.

பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் இரண்டு வகை இலட்சிய அமுக்கங்கள் வரும். ஒன்று, மிக மெதுவாக அமுக்கி, எழும் சூட்டை அவ்வப்போதே வெளியேற்றி, வெப்பநிலை ஏறாமல் காப்பது. மற்றொன்று, சூடு சிறிதும் வெளியேறாமல், உரசலும் இல்லாமல் அமுக்குவது. 30 டிகிரி செல்சியஸில் உள்ள ஒரு கிலோ காற்றை 7 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோக முதல் வகைக்குச் சுமார் 169 கிலோஜூல் போதும். இரண்டாவதற்கு 227 வேண்டும். காற்றும் 255 டிகிரிக்கு ஏறிவிடும். இதே வேலையை, குளிரவைக்கும் ஏற்பாடு இல்லாமல், 80 சதவீதத் திறனுள்ள நிஜ இயந்திரம் செய்தால் 283 கிலோஜூல் கேட்கும். சூடு 310 டிகிரியைத் தாண்டும். உராய்வும், வால்வின் குறுகிய வழியில் காற்று திணறுவதும், கசிவும் எடுத்துக்கொள்ளும் பங்கு அது.

ஆக, சூட்டை வெளியேற்றினால் செலவு குறையும். டயர் கடைக் கம்ப்ரஸரின் சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக உலோகத் தகடுகள் இருப்பது அழகுக்காக அல்ல. பெரிய கம்ப்ரஸர்களில் காற்றைப் பாதி அமுக்கி, நடுவில் குளிரவைத்து, பிறகு மீதியை அமுக்குவார்கள். (அமுக்கிய காற்று தொட்டியில் ஆறும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராக அடியில் தங்கும். கடைக்காரர் அதைத் தினமும் திறந்து விடாவிட்டால் தொட்டி உள்ளேயே துருப்பிடித்து, ஒருநாள் வெடிக்கவும் கூடும்.)

இனி நம் வீட்டு விஷயம். டில்லியின் மே மாத வெயிலில் ஏ.சி.யின் வெளிப்பெட்டியை பால்கனிக்குள் வைத்துக் கண்ணாடி அடைப்பும் போட்டுவிடுகிறோம். தான் கக்கிய சூடான காற்றையே அது மறுபடி இழுக்கிறது. சுற்றியுள்ள காற்று எவ்வளவு சூடோ, அதையும் மிஞ்சிய சூட்டுக்கு உள்ளிருக்கும் வாயுவை அமுக்கினால்தான் வெப்பம் வெளியே போகும். இலட்சிய கம்ப்ரஸருக்கே இது கூடுதல் வேலை. நிஜக் கம்ப்ரஸர் தன் நஷ்டத்தையும் சேர்த்து மீட்டரில் ஏற்றிவிடும். புதிய மாடல் வாங்கப் பணம் சேர்ப்பதற்கு முன், அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். குளிர்பதனப் பெட்டியையும் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துங்கள்.