உங்களுக்குத் தெரியுமா? சொந்த வீடு இல்லாதவரும் துப்பாக்கி உரிமம் கேட்கலாம்

மாவட்டங்களில் துப்பாக்கி உரிமத்துக்குக் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். சென்னைவாசி போக வேண்டியது காவல் ஆணையர் அலுவலகத்துக்கு. 21 வயது முடிந்திருக்க வேண்டும், எதற்காகத் துப்பாக்கி என்பதற்குத் தக்க காரணமும் வேண்டும். மனு பகுதிக் காவல் நிலையத்துக்கு விசாரணைக்கு வரும்.

நிலம், வீடு போதிய அளவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உரிமத்தை மறுக்கக்கூடாது என்கிறது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 14ஆவது பிரிவு. துப்பாக்கியை வசதி படைத்தவர் வீட்டுப் பொருளாகவே பார்த்துப் பழகிய நமக்கு இது மிக முக்கியமான வரி. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். மேல்முறையீடும் உண்டு.

2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டு செல்லும். ஆனால் பொதுவாக ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு 3. கல்யாண வீட்டில் உற்சாகமாகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் 2 ஆண்டு வரை சிறை. மேலே போன குண்டு யார் தலையிலாவது இறங்கத்தானே செய்யும்!

தேர்தல் அறிவிப்பு வந்ததும் பெரும்பாலானோர் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருக்கும். கொடுக்கும்போது வாங்கும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.