ரமளானில் வெளிநாட்டில் ஆசிரியர் பயிற்சி: நாங்கள் கற்றவை

ரமளான் மாதத்தில் ஆசிரியர் பயிற்சி நடத்த துபைக்கு அழைப்பு வந்தபோது தயங்கினோம். நோன்போடு நாள் முழுக்க நின்று பேச முடியுமா, கேட்பவர் மனதில்தான் பதியுமா என்ற கவலை.

அமீரகத்தில் ரமளானில் தனியார் துறை ஊழியருக்குத் தினசரி வேலை 2 மணி நேரம் குறைகிறது. பள்ளிகளும் சீக்கிரம் விட்டுவிடும். இதை யோசிக்காமல் முதல் நாள் அஸர் வரை வகுப்பை இழுத்தோம். லுஹருக்குப் பின் சொன்னது மறுநாள் யார் நினைவிலும் இல்லை. இஃப்தார் தயாரிக்க வேண்டிய ஆசிரியைகள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் முதல் கடினமான பாடங்களைக் காலையில் முடித்து, லுஹர் தொழுகையோடு அனைவரையும் அனுப்பினோம். பாடம் குறைந்தது, பயன் கூடியது.

பயணிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்க அனுமதி உண்டு என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 185ஆம் வசனம் கூறுகிறது. ஆனால் எத்தனை நாள் தங்கினால் பயணி என்பதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகள் வேறுபடுகின்றன. புறப்படும் முன்பே உங்கள் ஆலிமிடம் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று பிறை. ஊரில் ஒரு நாள் பிந்தித் தொடங்கி, அங்கே பெருநாளை அடைபவருக்கு 28 நோன்பே அமையலாம். மாதம் 29-க்குக் குறையாது என்பதால் ஒன்றைக் களா செய்ய வேண்டும். எங்களில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது.

சம்பாத்தியத்துக்காகப் போன இடத்தில் இபாதத் இழப்பாகிவிடக் கூடாது. நேரத்தை முன்பே திட்டமிட்டால் இரண்டும் கைகூடும், இன்ஷா அல்லாஹ்.